ரோஜாப்பூ கொடுத்த மறுநாள் என்ன செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி திறந்த மறுநாள் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் ஒரே மாதிரிப் படம் வரும். வாசலில் தலைமையாசிரியர், கையில் ரோஜாப்பூவும் சாக்லேட்டும், எதிரே கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள். நல்ல படம்தான். ஓசூர் பக்கத்தில் இருந்துகொண்டு ரோஜாவுக்கா பஞ்சம்! ஆனால் படம் எடுத்தவர் போன பிறகு, வகுப்பறைக் கதவு சாத்திய பிறகு, முதல் பத்து வேலைநாளில் நடப்பதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அந்தப் பத்து நாளை எப்படிச் செலவிடலாம், எங்கே சறுக்குகிறோம் என்பதை உங்கள் வாசகர்களான ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சொல்லவே இக்கடிதம்.

ஒன்றாம் வகுப்பைவிட ஆறாம் வகுப்புதான் இங்கே கவலைக்குரியது. நான்கைந்து ஊர்த் தொடக்கப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு வந்து சேருகிறார்கள். அதுவரை ஓரிரு ஆசிரியர்களை மட்டும் அறிந்த பிள்ளை, திடீரென்று பாடத்துக்கு ஓர் ஆசிரியரைப் பார்க்கிறது. ஊரில் வாத்தியாருக்கு அதன் வீடு தெரியும், ஆட்டுக்குட்டி தெரியும். இங்கே அது வருகைப் பதிவேட்டில் ஓர் எண். ஒன்பதாம் வகுப்பில் புதிதாகச் சேருபவர்களுக்கும் இதே கதை. ஆனால் அவர்கள் அழமாட்டார்கள், வராமல் நின்றுவிடுவார்கள்.

முதல் வேலை பெயர். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் நாளுக்கு எட்டுப் பெயர் வீதம் ஐந்து நாளில் முடிக்கலாம். பழைய மாதக் காலண்டர் அட்டையை மூன்றாக மடித்தால் மேசைமேல் தானாக நிற்கும். அதில் பிள்ளையே தன் பெயரை, தான் எப்படி அழைக்கப்பட விரும்புகிறதோ அப்படி, இரண்டு விரற்கடை உயரத்தில் எழுதட்டும். மாலையில் அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் காலை ஆசிரியரே முகம் பார்த்து ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பயிற்சியே அந்தத் திருப்பிக் கொடுப்பதில்தான் இருக்கிறது. வகுப்புத் தலைவனிடம் கட்டாகக் கொடுத்து விநியோகிக்கச் சொன்னால் அவனுக்குத்தான் பெயர்கள் மனப்பாடமாகும். நான்காம் நாளிலிருந்து அட்டை இல்லாமல் முயலலாம். தப்பாகச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், திருத்தட்டும்.

வருகைப் பதிவை எண் சொல்லி எடுக்கும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. நேரம் மிச்சமாம். நாற்பது பெயரை ஆளுக்கு நான்கு நொடி வீதம் கூப்பிட்டால் மூன்று நிமிடம்கூட ஆகாது. பேசாத பிள்ளையின் பெயர் ஒரு நாளில் ஒரே ஒருமுறை உரக்க ஒலிக்கும் நேரம் அதுதான். அதையும் எண்ணாக்கிவிட்டால் அந்தப் பிள்ளை நாள் முழுக்கப் பெயரில்லாமலே வீடு திரும்பும். முதல் இரண்டு வாரம் 'உள்ளேன் ஐயா'வுக்குப் பதில், வரும் வழியில் பார்த்த ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். மாங்காய் ஏற்றிய லாரி, தக்காளிக் கூடை, ராயக்கோட்டை ரயில் என்று வரும். தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் யானைச் சாணம் என்றுகூட வரும். அந்தப் பிள்ளை ஏன் தாமதமாக வந்தது என்பதற்கு அதைவிட நல்ல விளக்கக் கடிதம் கிடையாது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் வகுப்பின் நடுவே கேட்க வேண்டாம். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. ஆறாம் வகுப்பில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பவரிடம் அந்தக் கேள்வி பொய்யைத்தான் வரவழைக்கும்.

கேட்கக் கூடாத கேள்விகள் இன்னும் சில. 'அப்பா என்ன வேலை செய்கிறார்' என்று ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்பது முதலாவது. பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரங்களில் அப்பா அம்மா இருவரும் பெங்களூரில் கட்டட வேலையிலோ திருப்பூரில் பனியன் கம்பெனியிலோ இருக்க, பாட்டியோடு வளரும் பிள்ளைகள் வகுப்புக்குச் சிலராவது இருப்பார்கள். அப்பா இல்லாதவர்களும், இருந்தும் இல்லாதவர்களும் உண்டு. 'கோடை விடுமுறையை எப்படிக் கழித்தேன்' என்ற கட்டுரை இரண்டாவது. செங்கல் சூளையில் கழித்த பிள்ளை என்ன எழுதும்? 'சுற்றுலா சென்றோம்' என்று பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதும். அதற்குப் பதில், 'எனக்குத் தெரிந்து எங்கள் ஆசிரியருக்குத் தெரியாதது' என்று ஐந்து வரி எழுதச் சொல்லிப் பாருங்கள். கேழ்வரகுக் களி கட்டி தட்டாமல் கிண்டுவது, சாமந்தி தொடுப்பது, எந்த மாங்காய் வண்டு துளைத்தது என்று கண்டுபிடிப்பது எல்லாம் வரும். அவற்றைத் திருத்தக் கூடாது. சிவப்பு மை படவே கூடாது. படித்துவிட்டு மறுநாள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். பிள்ளைகளின் எழுத்துத் திறன் எங்கே இருக்கிறது என்பதும் அந்த ஐந்து வரியிலேயே தெரிந்துவிடும். முதல் வாரத்தில் தேர்வு வைத்து மதிப்பெண்ணை உரக்கப் படிக்கும் தேவை இராது.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 2004-ல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வகுப்பறைகளில் இதுதான் முதல் சுவர். வேப்பனப்பள்ளி, சூளகிரிப் பக்கம் வீட்டில் தெலுங்கு, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம், நகரங்களில் உருது. ஓசூரின் தொழிற்பேட்டைகளை நம்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இந்தியோ ஒடியாவோ பேசுகிறார்கள். வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் 'வீட்டு மொழி' என்று ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் அதே மொழி தெரிந்த, தமிழும் வரும் ஒரு பிள்ளையை அருகே உட்கார வையுங்கள். மூன்றாம் வாரம் பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் துணைப்பிள்ளை நிரந்தர மொழிபெயர்ப்பாளராகி, அதன் படிப்பும் கெடும், மற்றதற்கும் தமிழ் வராது.

ஆசிரியர் பத்துச் சொற்களைக் கற்றுக்கொண்டால் போதும். தெலுங்கில் 'ரா' என்றால் வா, 'கூர்ச்சோ' என்றால் உட்கார், 'நீள்ளு' என்றால் தண்ணீர், 'அர்த்தமைந்தா' என்றால் புரிந்ததா. கன்னடத்தில் 'பா', 'கூத்கோ', 'நீரு', 'அர்த்த ஆயித்தா'. உச்சரிப்பு தப்பாகத்தான் வரும். தப்பாகச் சொல்லிப் பிள்ளைகளிடம் திருத்தம் கேட்கும் ஆசிரியரின் வகுப்பில், தமிழைத் தப்பாகப் பேசும் பிள்ளையைப் பார்த்து யாரும் அதிக நாள் சிரிப்பதில்லை. 'இங்கே தமிழ்தான் பேசணும்' என்று முதல் நாளே விதி போட்டால் பிள்ளைகள் தமிழும் பேசுவதில்லை, பேச்சையே நிறுத்திக்கொள்கிறார்கள். பிறகு நாம் அவர்களுக்கு 'மெல்லக் கற்போர்' என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

வெளிமாவட்டங்களிலிருந்து நியமனம் பெற்று இங்கே வரும் ஆசிரியர்களுக்கு ஒரு சொல். 'சார், நீங்க எப்ப ஊருக்கு மாத்திக்கிட்டுப் போவீங்க' என்று பிள்ளைகள் ஜூன் மாதமே கேட்பார்கள். அது குறும்பில்லை, முன்னனுபவம். 'இந்த வருசம் முழுக்க இருப்பேன்' என்று உறுதி தெரிந்தால் மட்டும் சொல்லுங்கள். தெரியாவிட்டால் 'இருக்கிற வரைக்கும் தினமும் வருவேன்' என்பது போதும்.

இருக்கை விஷயம் எளிதாகத் தோன்றும், சிக்கலானது. விட்டுவிட்டால் பிள்ளைகள் ஊர் ஊராக உட்காருவார்கள். ஊர் என்றால் அதற்குள் தெரு, தெரு என்றால் அதற்குள் சாதி. பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024-ல் அளித்த அறிக்கையில் அகர வரிசைப்படி உட்கார வைக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். நடைமுறையில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலில், அகர வரிசையை ஆங்கில எழுத்துப்படி எடுத்தால் 'எஸ்'ஸில் பாதி வகுப்பு குவிந்துவிடும்; தமிழ் எழுத்துப்படி எடுத்தால் ச, சு, ஸ்ரீ, ஷ என்று ஓரளவு பிரியும். அடுத்து, திங்கட்கிழமைதோறும் ஒவ்வொரு வரிசையும் ஒரு பெஞ்சு பின்னால் நகர வேண்டும், கடைசிப் பெஞ்சு முன்னால் வர வேண்டும். இதைக் கரும்பலகை மூலையில் எழுதி வைக்காவிட்டால் ஜூலையிலேயே மறந்துபோகும். மூன்றாவதுதான் பெரும்பாலும் தவறுவது: கண். வரிசை போடுவதற்கு முன், வழக்கமான அளவில் ஐந்து சொற்களைச் சாக்பீஸால் எழுதி, ஒவ்வொரு பிள்ளையையும் கடைசிச் சுவரருகே நிறுத்தி, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண். இரண்டு பாடவேளையில் நாற்பது பேரும் முடிந்துவிடும். படிக்கத் தெரியாதவருக்குச் சொல்லுக்குப் பதில் வட்டம், கட்டம், முக்கோணம். தடுமாறும் பிள்ளை கண் மருத்துவரைப் பார்க்கும் வரை முன்வரிசையிலேயே இருக்கட்டும். அதன் காரணத்தை வகுப்புக்கு அறிவிக்க வேண்டியதில்லை.

'ப' வடிவில் பெஞ்சு போடுவது பற்றி 2025-ல் நிறையப் பேசப்பட்டது. இருபது இருபத்தைந்து பேர் இருந்தால் அருமையான ஏற்பாடு. இருபதுக்கு இருபது அடி அறையில் நாற்பத்தைந்து பேர், அதுவும் நீளப் பெஞ்சு என்றால் 'ப'வின் இரண்டு பக்கங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும், நடுவில் நடக்கவும் இடமிருக்காது. அங்கே பெஞ்சுகளுக்கு நடுவே இரண்டு பாதை விட்டு, ஆசிரியர் கடைசிப் பெஞ்சு வரை நடந்தபடி பாடம் நடத்தினாலே கடைசிப் பெஞ்சு என்று ஒன்று இருக்காது.

விதிகள். பதினைந்து விதி எழுதிய சார்ட் அட்டை ஆகஸ்டில் கிழிந்து தொங்கும். நான்கு நடைமுறை போதும், அதையும் சொல்லித் தருவதோடு நிற்காமல் செய்து பழக்க வேண்டும்: உள்ளே வருவது, நோட்டைக் கொடுப்பது, தாமதமானால் என்ன செய்வது, கழிப்பறைக்குப் போவது.

தாமதம் என்றால் வெளியே நிறுத்துவதுதான் இன்றும் பழக்கம். மலையடிவார ஊர்களுக்குக் காலையில் ஒரே டவுன் பஸ். அது வராவிட்டால் பிள்ளை நடந்து வரும். நடந்து வந்த பிள்ளையை நாற்பது நிமிடம் வெளியே நிறுத்தினால் முதல் பாடவேளையும் போச்சு, மறுநாள் வரும் ஆசையும் போச்சு. சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்து, இடைவேளையில் காரணம் சொல்லும்படி பழக்குங்கள். ஒரே வழித்தடத்துப் பிள்ளைகள் வாரத்தில் மூன்று நாள் தாமதமானால் கோளாறு பஸ்ஸில்; தேதி, வழித்தட எண், வந்த நேரம் மூன்றையும் குறித்துத் தலைமையாசிரியர் அரசுப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு எழுத வேண்டும். தேதி இல்லாத புகாருக்குப் பதில் வருவதில்லை.

கழிப்பறைக்கு அனுமதி கேட்க வேண்டியிருப்பதால் தண்ணீரே குடிக்காத பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். கதவருகே ஆணியில் இரண்டு அட்டை தொங்கட்டும், ஆண்பிள்ளைக்கு ஒன்று, பெண்பிள்ளைக்கு ஒன்று. அட்டையை எடுத்துக்கொண்டு போகலாம், கேட்க வேண்டாம். ஒவ்வொரு தரப்புக்கும் அட்டை ஒன்றே என்பதால் கூட்டமாகப் போக முடியாது.

கதவருகில் நின்று வரவேற்பது வெறும் மரியாதைக்காக இல்லை. அமெரிக்காவில் பத்து நடுநிலைப் பள்ளி வகுப்புகளில் செய்து 2018-ல் வெளியான ஆய்வில், ஆசிரியர் வாசலில் பெயர் சொல்லி வரவேற்ற வகுப்புகளில் பாடத்தில் ஈடுபடும் நேரம் கூடியது, இடைஞ்சல் குறைந்தது. நமக்கு இதில் இன்னொரு லாபம்: முகம் வாடியிருக்கிறதா, காய்ச்சலா, கன்னத்தில் அடிபட்ட தடம் இருக்கிறதா என்பது வாசலில்தான் தெரியும். வகுப்புக்குள் தலை குனிந்துவிடும்.

பேசாத பிள்ளைக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறோம், எவ்வளவு நேரம்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் அளந்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் ஒரு நொடிக்கு மேல் பொறுப்பதில்லை. அதை மூன்று நொடியாக்கியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். மனதுக்குள் மூன்று வரை எண்ணுங்கள். முதல் சில நாள் அந்த மூன்று நொடி மூன்று நிமிடம் போலத் தோன்றும். முன்பெஞ்சுக்காரர்கள் கத்திப் பதில் சொல்வதை அதற்குள் கையமர்த்தினால்தான் இது பலிக்கும்.

எவ்வளவு முயன்றும் ஒட்டாத இரண்டு மூன்று பேர் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களுக்கு 'இரண்டுக்குப் பத்து': நாளுக்கு இரண்டு நிமிடம், தொடர்ந்து பத்து நாள், படிப்பைத் தவிர எதையாவது பேசுவது. கபடி, பசுமாடு, பைக், எதுவானாலும். மதிய உணவு வரிசையே நல்ல இடம். ஏழாம் நாள் 'சரி, வீட்டுப்பாடம் ஏன் எழுதல?' என்று நுழைத்துவிட்டால் முந்தைய ஆறு நாளும் வீண். பிள்ளை அதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருக்கும்.

தவறு செய்யும் பிள்ளையைக் கரும்பலகையிலிருந்து கூப்பிட்டுத் திட்டாமல் அருகில் போய்த் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். அடிப்பதும் மனத்தைப் புண்படுத்துவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவால் தடை செய்யப்பட்டவை என்பது எல்லாருக்கும் தெரியும். அடி நின்ற இடங்களிலும் கேலி நிற்கவில்லை. எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகள் ஆசிரியரின் குறிப்பேட்டில் இருக்க வேண்டியவை. 'அரும்பெல்லாம் இங்க வா' என்று கூப்பிட்டால் அதுவே பட்டப்பெயராகிவிடும். உதவித்தொகைப் படிவத்துக்காகச் சாதி சொல்லி எழுந்து நிற்கச் சொல்வது இன்னும் மோசம். படிவத்தை எல்லாருக்கும் கொடுங்கள், மூடிய உறையில் வாங்குங்கள்.

பெற்றோருக்கு முதல் தொலைபேசி அழைப்பு நல்ல சேதியோடு போக வேண்டும். நாளுக்கு நான்கு பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம். பத்து வேலைநாளில் நாற்பது வீடு. மாலை ஏழு மணிக்கு மேல் கூப்பிட்டால்தான் வேலைக்குப் போனவர்கள் கிடைப்பார்கள். பள்ளியிலிருந்து என்றதும் 'என்ன பண்ணுனான்?' என்றுதான் கேட்பார்கள், சில வீடுகளில் பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு அதற்குள் ஓர் அடியும் விழுந்துவிடும். ஆகவே முதல் வாக்கியமே, 'ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க, நல்ல சேதிதான்.' அடுத்த வாக்கியம் குறிப்பாக இருக்க வேண்டும்: 'இன்னைக்குப் புதுசா வந்த பொண்ணுக்கு உங்க பொண்ணுதான் பாடம் எடுத்துச் சொல்லிச்சு.' 'நல்லாப் படிக்கிறா' என்பது யாருக்கும் பொருந்தும், அதனால் யாருக்கும் ஒட்டாது. எமிஸ் என்ற கல்வித் துறையின் இணையப் பதிவில் உள்ள எண் வேலை செய்யவில்லை என்பதும் இந்தச் சுற்றிலேயே தெரிந்துவிடும், திருத்திக்கொள்ளலாம்.

வராத பிள்ளையை மூன்றாம் நாளே கூப்பிட வேண்டும். ஜூனில் மாங்காய்ப் பருவம். காவேரிப்பட்டணம், பர்கூர்ப் பக்கம் பறிப்பிலும் மண்டியிலும் மாங்கூழ்த் தொழிற்சாலையிலும் வேலை கொழிக்கும் காலம். பெரியவர்கள் போனால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள அக்கா வீட்டில் நிற்பாள். திரும்பி வரும்போது 'வந்துட்டாங்கய்யா மகாராணி' என்ற ஒரே வரி அவளை மறுபடியும் வீட்டுக்கு அனுப்பப் போதுமானது. விட்டுப்போன பாடத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதி, பேசாமல் கையில் கொடுங்கள்.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிக்கும் பெண்பிள்ளைகளில் பள்ளி திறந்த வாரத்தில் வராதவர்களின் பட்டியலைத் தனியாக எடுக்க வேண்டும். சித்திரை, வைகாசி கல்யாண மாதங்கள். நம் இரு மாவட்டங்களிலும் குழந்தைத் திருமணம் இன்னும் ஒழியவில்லை என்பதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. நடக்கப் போவதை முன்கூட்டிச் சொல்லும் பெண், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைப்பதற்கு முன் தனக்கு நம்பிக்கையான ஓர் ஆசிரியையிடம்தான் சொல்வாள். பேச்சு தை மாதம் தொடங்கினால், நம்பிக்கை ஜூனிலேயே பிறந்திருக்க வேண்டும். அந்த எண்ணையும், மாணவர் உதவி எண் 14417-ஐயும் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். அறிவிப்புப் பலகை முன் நின்று அதை யாரும் குறித்துக்கொள்வதில்லை.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். முதல் இரண்டு வாரத்தில்தான் பாடநூல் விநியோகம், பஸ் பாஸ் படிவம், வங்கிக் கணக்கு, எமிஸ் பதிவு எல்லாம் ஒன்றாக வந்து விழுகின்றன. ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வு பள்ளி திறந்த பிறகு நடக்கும் ஆண்டுகளில், பெயர் மனப்பாடமான வகுப்பாசிரியரே போய்விடுகிறார். முதல் பத்து வேலைநாளில் பயிற்சி வகுப்பு வேண்டாம், அன்றாட வருகையைத் தவிர வேறு பதிவேற்றம் வேண்டாம், கலந்தாய்வை மே மாதத்துக்குள் முடியுங்கள் என்று கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

இன்னொன்றை நாமே செய்யலாம். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையின் மாற்றுச் சான்றிதழில் வலது முழங்கையில் மச்சம் இருப்பது வரை எழுதியிருக்கிறது. அதற்கு வலிப்பு வரும் என்பது இல்லை, வீட்டில் கன்னடம் பேசும் என்பது இல்லை. டி.சி.யோடு அரைத்தாள் குறிப்பு ஒன்றைத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் எழுதிச் சேர்க்கட்டும்: எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும், வீட்டில் யாரோடு இருக்கிறது, வீட்டு மொழி எது, உடல்நலத்தில் கவனிக்க வேண்டியது என்ன, எதைச் செய்யச் சொன்னால் மகிழும், அழுதால் யாரைத் தேடும். 'சேட்டைக்காரன்', 'மக்கு' போன்றவை அதில் வரக் கூடாது. ஏப்ரல் கடைசி வாரத்தில் பிள்ளைக்கு ஐந்து நிமிடம் ஆகும். ஒன்றியத் தலைமையாசிரியர் கூட்டத்தில் ஒருமுறை பேசினால் அடுத்த ஜூனுக்கே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.